கல்யாண கேசட் கணினிக்கு வரும் வழி

என் அக்காவின் திருமணம் 1991-இல் நடந்தது. மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட் ஒன்றில் அது முழுவதும் இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் மணமேடைக்குப் பக்கவாட்டில் ஆச்சி உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, தலையைத் திருப்பி யாரையோ கூப்பிடுகிறார். ஆச்சியின் குரல் பதிவாகியிருப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வாங்கினேன். வட்டைப் போட்டுப் பார்த்தால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறியிருந்தன. அரை மணி நேரம் ஓடியதும் படம் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போகத் தொடங்கின. ஆச்சி கூப்பிட்டு முடித்து, வாயை மூடி, வெற்றிலையைப் போட்டுக்கொண்ட பிறகு அவர் குரல் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றுதான் இந்த வேலையை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எந்த முன்னறிவும் இல்லாமல் தொடங்குகிறவர்களுக்கு அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேசட்டைக் கணினிக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. கொண்டுவந்ததை எடிட் செய்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. எடிட்டிங்கை இன்று செய்யலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடியும் செய்யலாம். கேசட் அப்படி இல்லை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது, ஓட்டும் கருவியும் அரிதாகிக்கொண்டே வருகிறது. வி.எச்.எஸ். டெக் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே கேசட்டை உள்ளே இழுக்கும் முதல் வேலையில்தான் நம் பொறுமை முழுவதையும் செலவிட வேண்டும்.

கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

பென்டிரைவில் இருக்கும் படத்தைக் கணினிக்கு நகலெடுக்கிறோம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நகலுக்கும் மூலத்துக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இருக்காது. கேசட்டிலும் அப்படி ஏதோ ஒரு கோப்பு இருக்கும், சரியான வயர் கிடைத்தால் அதை எடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வி.எச்.எஸ். கேசட்டில் கோப்பு எதுவும் கிடையாது. இருப்பது காந்தத்தில் பதிந்த அலை.

நாடா அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. அதன் மேல் காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. டெக்குக்குள் அந்த நாடா நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. ஆனால் அது சுற்றிப் போகும் உருளை, நம் ஊர் டெக்குகளில், நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. உருளையின் இரு பக்கமும் பொருத்தப்பட்ட காந்தத் தலைகள் நாடாவின் மேல் சாய்வாகக் கோடு கோடாக எழுதிச் செல்கின்றன. படிக்கும்போதும் அதே கோடுகளின் மேல் அப்படியே பயணம் செய்கின்றன. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இத்தனை நுணுக்கமான வேலையை ரப்பர் உருளைகளும் பெல்ட்டுகளும் கொண்ட ஒரு பொறி நம் வீட்டு வரவேற்பறையில் செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

ஒரு தலை ஒருமுறை கடந்து போகும்போது எழுதுவது முழுப் படம் அல்ல, அரைப் படம். திரையின் கோடுகளில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை. இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த முறை. இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பயன்பட்ட ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50 அரைப் படங்கள், சேர்த்துப் பார்த்தால் 25 முழுப் படங்கள். இந்த அரைப் படக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, கணினிக்கு மாற்றுவது என்பது கேசட்டை முழுவதும் ஓடவிட்டு, வெளிவரும் அலையை நொடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதி வைப்பது. ஒரு முழுப் படத்துக்கு அகலவாக்கில் 720, உயரவாக்கில் 576 புள்ளிகள். அதாவது 4,14,720 இடங்களில் அளவெடுக்க வேண்டும், அதையும் நொடிக்கு 25 முறை. இதனால்தான் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகியே தீரும். வேகமாக ஓட்டி எடுக்க வழி இல்லை. அளவெடுத்த நேரத்தில் தலை அழுக்காக இருந்தாலும் வயர் தளர்ந்திருந்தாலும் அந்தப் பிழையும் எண்ணாக எழுதப்பட்டு நிரந்தரமாகிவிடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

வி.எச்.எஸ். என்றால் நேரடியாக டெக். உள்ளங்கை அளவில் இருக்கும் வி.எச்.எஸ்.-சி என்றால் பெரிய கேசட் வடிவிலான கூட்டுக்குள் வைத்து அதே டெக்கில் போடலாம். ஆடியோ கேசட் அளவில் இருக்கும் வீடியோ8, ஹை8 வகைகளுக்கு அப்படி ஒரு கூடு உலகத்திலேயே கிடையாது; அதே வகைக் கேமரா ஒன்று வேண்டும். சில டிஜிட்டல்8 கேமராக்கள் பழைய ஹை8 நாடாவையும் படிக்கும், கிடைத்தால் விடாதீர்கள். எட்டு மில்லிமீட்டர் படச்சுருள் வீட்டில் இருந்தால் அது முற்றிலும் வேறு உலகம், ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்ய வேண்டும். அதை அனுபவமுள்ளவர்களிடம் கொடுப்பதே நல்லது.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்த உறவினர்கள் அங்கே பதிவு செய்து அனுப்பிய கேசட் என்றால் அது என்.டி.எஸ்.சி. என்னும் அந்த நாடுகளின் தொலைக்காட்சி முறையில் இருக்கும். நம் ஊர் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், உருண்டு கொண்டே இருக்கலாம். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்தக் காலத்தில் கொண்டுவந்த டெக்குகளில் பல இரண்டு முறைகளையும் படிக்கக்கூடியவை. யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று இருக்கும், விசாரியுங்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்த மினி டி.வி. கேசட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அளவில் சிறிய இந்த நாடாவில் ஏற்கெனவே எண்கள்தான் பதிவாகியிருக்கின்றன. இங்கே அளவெடுக்கத் தேவையில்லை; எண்களை அப்படியே நகர்த்தினால் போதும். அதற்குக் கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்னும் இணைப்பு வழியாக எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் வரும். எடுத்த தேதியும் நேரமும்கூடக் கோப்போடு கூடவே வந்துவிடும். டிவியோடு இணைக்கும் மஞ்சள் வயரில் எடுத்தால் இந்த எண்களை மறுபடி அலையாக்கி, அலையை மறுபடி எண்ணாக்கி, தேவையில்லாமல் தரத்தை இழக்கிறோம். அந்தக் கேமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. துளையும் இருக்கும்; பெரும்பாலும் அது புகைப்படங்களை எடுக்கவும் தரம் குறைந்த படத்தை அனுப்பவும் வைத்தது. அதில் செருகிவிட்டு ‘வந்துவிட்டது’ என்று திருப்திப்படாதீர்கள். இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லை. அந்தத் துளை உள்ள பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, விண்டோஸ் என்றால் வின்டி.வி., லினக்ஸ் என்றால் டி.வி.கிராப் போன்ற சிறிய மென்பொருளைப் போட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன்

கடலோர ஊர்களில் வாழ்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகத் தூள் போலவோ வட்டமாக நூல் படிந்தது போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்றில் பல ஆண்டுகள் இரும்பு பீரோவுக்குள் கிடந்த கேசட்டுகளில் இது சர்வ சாதாரணம். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் அந்தத் தூள் தலைகளில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும், நாடாவையும் கீறும். அதைத் தனியாக ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள். நாடாவைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி வைத்திருப்பவரிடம்தான் அது போக வேண்டும்.

அடுத்து, கேசட்டின் முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை டெக்கில் பதிவுப் பொத்தானை அழுத்தினால் புதிதாகப் பதிவாகும், பழையது அழியும். முப்பது ஆண்டுகள் காப்பாற்றிய முகூர்த்தத்தை ஒரு விரல் அழுத்தத்தில் இழந்துவிடக் கூடாது.

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த நாடா சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் தளர்ந்தும் இருக்கும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒருமுறை முன்னோக்கி ஓட்டி, மறுபடி முழுவதும் பின்னோக்கிச் சுற்றிவிட்டுப் பிறகு பாருங்கள். டெக்கை முதலில் முக்கியமில்லாத ஒரு பழைய சினிமா கேசட் போட்டுச் சோதித்துவிடுங்கள். நாடாவைக் கடித்துத் தின்னும் டெக் என்றால் அந்தக் கேசட்டோடு போகட்டும். படத்தில் பனி பெய்வது போலப் புள்ளிகள் நிறைந்திருந்தால் தலையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளைத் தலையின் மேல் லேசாக வைத்துக்கொண்டு உருளையை மெல்லச் சுற்றித் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்துபோகும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், அதன் இழை தலையில் மாட்டிக்கொள்ளும். பழைய டிவி மெக்கானிக் யாராவது அருகில் இருந்தால் இந்த ஒரு வேலையை அவரிடம் விட்டுவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

அலையை எண்ணாக்கும் கருவி

டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து அளவெடுக்கும் கருவியைக் கேப்சர் கருவி என்கிறார்கள். ஒரு பக்கம் டெக்கின் பின்புறத்திலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள், மறுபக்கம் யு.எஸ்.பி. மஞ்சளில் படம், மற்ற இரண்டில் ஒலி. ஒற்றை ஒலி டெக் என்றால் சிவப்பு இருக்காது. உங்கள் டெக்கில் வட்டமான, நான்கு ஊசிகள் உள்ள எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். மஞ்சள் வயரில் வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன, எஸ்-வீடியோவில் தனித்தனியாக வருகின்றன. சட்டைச் சரிகையின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்ணப் புள்ளிகள் அதில் குறைந்துவிடும்.

மஞ்சள் வயரை ஹெச்.டி.எம்.ஐ. ஆக்கும் சிறு வெள்ளைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதை வாங்கி, அதிலிருந்து இன்னொரு கருவி வழியாகக் கணினிக்கு எடுக்கலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 50 அரைப் படங்களைத் தம் போக்கில் கலந்து, நொடிக்கு 60 படங்களாக நீட்டி, அகலத் திரைக்கு இழுத்துத் தருகின்றன. ஆட்டம் ஆட்டமாகத் தெரியும் அசைவை அதன் பிறகு சரிசெய்யவே முடியாது.

என் டி.வி.டி.யில் ஆச்சியின் குரல் ஏன் பிந்தி வந்தது என்பதற்கான காரணமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டெக் என்பது ஓர் இயந்திரம். நாடா ஓரிடத்தில் இழுபடும், ஓரிடத்தில் தளரும். அதனால் வெளிவரும் அலையின் கால அளவு ஒரே சீராக இருக்காது. பழைய பெட்டி டிவிக்கு அது பழகிப்போன விஷயம், சமாளித்துக்கொள்ளும். கேப்சர் கருவி அப்படி இல்லை. குறித்த நேரத்தில் படம் வரவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒலி மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி 25 படங்கள் விட்டுப்போனால் ஒரு நொடி குறைந்துவிட்டது. படம் முந்திக்கொண்டு போகிறது, ஒலி பின்னால் வருகிறது. இதைத் தடுப்பதற்கென்றே காலச்சீராக்கி ஒன்று உண்டு, துறையில் டி.பி.சி. என்பார்கள். டெக்கிலிருந்து தள்ளாடி வரும் கோடுகளை நினைவகத்தில் பிடித்து வைத்து, சரியான தாளத்தில் வெளியே விடுவதுதான் அதன் வேலை. உயர்தர எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் இது உள்ளேயே இருக்கும். தனியாக வாங்க விலை அதிகம். பழைய டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்று கிடைத்தால், அதில் எதையும் பதிவு செய்யாமல், டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் வழிப்போக்காக வைத்துப் பாருங்கள். சில மாதிரிகள் இதே சீராக்கும் வேலையைச் செய்துவிடும். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

கணினியில் மென்பொருளைத் திறந்ததும் நான்கைந்து அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். முறை பால், அளவு 720க்கு 576, நொடிக்கு 25 படம், ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள். விண்டோஸில் வர்ச்சுவல்டப்2 என்னும் இலவச மென்பொருள் அரைப் படங்களைக் கலக்காமல் அப்படியே எழுதும். அதோடு, எத்தனை படங்கள் விட்டுப்போயின என்ற கணக்கையும் காட்டும். அந்த எண் பூச்சியமாகவே நிற்க வேண்டும். ஓ.பி.எஸ். (OBS) என்னும் பதிவு மென்பொருள் பலருக்குப் பழக்கமானது, ஆனால் அது நொடிக்கு 30 அல்லது 60 படம், அகலத் திரை என்ற கணக்கில்தான் தானாகத் தொடங்கும். மாற்றாமல் பதிவு செய்தால் முகங்கள் எல்லாம் அகலமாகிவிடலாம்.

இன்னொரு சிறிய விஷயம். ஹை-ஃபை டெக்குகளில் ஒலி இரண்டு இடங்களில் இருக்கும்: நாடாவின் ஓரத்தில் நீளவாக்கில் ஒன்று, படக் கோடுகளோடு சாய்வாக ஒன்று. கேசட்டில் பின்னால் ஒலியை மட்டும் மாற்றிப் பதிந்திருந்தால் ஓரத்தில் இருப்பதுதான் மாறியிருக்கும், மற்றது பழைய ஒலியாகவே தங்கியிருக்கலாம். டெக்கில் ஒலித் தேர்வுப் பொத்தான் இருந்தால் இரண்டையும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சினிமாப் பாட்டுக்கு அடியில் மணமேடைப் பேச்சு உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு.

எவ்வளவு பெரிய கோப்பு?

எதையும் சுருக்காமல் எழுதினால் நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிகாபைட். ஒரு கல்யாண கேசட்டுக்கு 225 ஜிகாபைட் என்பது தாங்காது. இழப்பில்லாமல் சுருக்கும் முறைகள் இருக்கின்றன. ஹஃப்யூவ், எஃப்.எஃப்.வி.1 போன்றவை ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் இதைப் பாதி அளவிலோ அதற்கும் குறைவாகவோ மடித்துத் தரும். எஃப்.எஃப்.வி.1-ஐ உலகின் ஆவணக் காப்பகங்கள் பல பயன்படுத்துகின்றன. நம் வீட்டுக் கேசட்டுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

நேரடியாக எம்.பி.4-ஆக எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எம்.பி.4 கோப்புக்குள் வழக்கமாக இருக்கும் ஹெச்.264 போன்ற சுருக்க முறைகள் ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதும். சுவர் அசையவில்லை என்றால் சுவரைத் திரும்ப எழுதாது. அதில்தான் அதன் சிக்கனம் இருக்கிறது. வி.எச்.எஸ். படத்தில் சுவரும் அசைகிறது. மெல்லிய பனிப்புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், எல்லாமே மாறிவிட்டதாக நினைத்துச் சுருக்கும் மென்பொருள் திணறுகிறது. இடம் போதாமல் முகங்களைக் கட்டங்களாக்கிவிடுகிறது. டி.வி.டி.யிலும் இதே கொள்கைதான். மூன்று மணி நேரத்தை 4.7 ஜிகாபைட் வட்டு ஒன்றுக்குள் திணித்தால் நொடிக்குக் கிடைப்பது மூன்றரை மெகாபிட். என் வட்டில் முகங்கள் சிதறியதன் கணக்கு இவ்வளவுதான். எடிட் செய்யும்போதும், ஒவ்வொரு படமும் தனித்தனியாக முழுதாக இருக்கும் கோப்பில்தான் விரும்பிய இடத்தில் சட்டென்று நின்று வெட்ட முடியும்.

ஆகவே முதலில் இழப்பில்லாத மூலக்கோப்பு. அதில் கத்தரிக்கோல் படவே கூடாது, ஆரம்பத்தில் வரும் நீலத்திரைகூட இருக்கட்டும். அதிலிருந்து எடிட்டிங்குக்கு ஒரு நகல். எடிட் முடிந்ததும் உறவினர்களுக்கு அனுப்பச் சிறிய எம்.பி.4. மூலக்கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

எடிட்டிங் மேசையில்

கணினியில் பார்த்ததும் முதலில் கண்ணை உறுத்துவது கை வீசும்போது ஓரத்தில் தெரியும் சீப்புப் பற்கள். முன்பு சொன்ன அரைப் படங்கள்தாம் இவை. ஒற்றைக் கோடுகளுக்கும் இரட்டைக் கோடுகளுக்கும் நடுவில் ஐம்பதில் ஒரு நொடி கடந்துவிட்டது, அதற்குள் கை நகர்ந்திருக்கிறது; கணினி இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இதைப் பிரிப்பதை டிஇன்டர்லேசிங் என்பார்கள். ஒவ்வோர் அரைப் படத்தையும் முழுப் படமாக நிரப்பி, நொடிக்கு 50 படங்களாக ஆக்கினால் கேசட்டில் பார்த்த அதே வழுக்கலான அசைவு கிடைக்கும். 25 படங்களாக ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். ஹேண்ட்பிரேக், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இதற்கான தேர்வு இருக்கிறது. கியூ.டி.ஜி.எம்.சி. என்னும் முறை இன்னும் அழகாகச் செய்யும். அமைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

படத்தின் அடியில் சில கோடுகள் கிழிந்தாற்போல ஆடிக்கொண்டிருக்கும். ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மாறும் இடம் அது. பழைய டிவியில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. கறுப்புப் பட்டையால் மூடிவிடலாம். படத்தின் விகிதம் நான்குக்கு மூன்று. இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும், திரையை நிரப்புவதற்காக இழுக்காதீர்கள். வண்ணத்தைத் திருத்தும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் ஒருவர் பெரிய விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவோடு நகர்வார். முன்னால் நிற்பவர் முகம் வெளுத்திருக்கும், பின்வரிசை இருட்டாக இருக்கும். வெளுத்துப்போன இடத்தில் எந்த விவரமும் பதிவாகவில்லை, எவ்வளவு இருட்டாக்கினாலும் அது திரும்பாது. இருட்டில்தான் கொஞ்சம் புதையல் இருக்கிறது, அதை மெல்லத் தூக்கிவிட்டுப் பாருங்கள். ஒலியில் ‘ம்’ என்ற மின்சார இரைச்சல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். ஆடாசிட்டி என்னும் ஒலி மென்பொருளில் அந்த இடங்களை மட்டும் குறைத்துவிடலாம்.

எதை வெட்டுவது? மலருக்குள் மணமக்கள் சுழலும் ஜாலங்களையும் வரவேற்புப் பலகையை நான்கு முறை காட்டுவதையும் விரும்பினால் குறையுங்கள். பந்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். அன்று அலுப்பாகத் தோன்றிய அந்த நீண்ட காட்சி, விளக்கு முகத்தில் அடித்ததும் கூசிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இலையிலிருந்து கையெடுத்துச் சிரிக்கும் வரிசை வரிசையான மனிதர்கள், இன்று பார்த்தால் ஊரே அதில்தான் இருக்கிறது. புகைப்பட ஆல்பத்தில் இடம் கிடைக்காத சித்தப்பாவும் சமையல்காரரும் தண்ணீர் ஊற்றிய பையனும் வேறெங்கே இருக்கிறார்கள்?

செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பட்டுப்புடவையின் கரைக்கும் கோபுரத்துக்கும் அவை நன்றாகத்தான் வேலை செய்கின்றன. தூரத்தில் மங்கலாகத் தெரியும் முகத்தை அவற்றிடம் கொடுத்துப் பார்த்தேன். கண்ணும் மூக்கும் தெளிவாக வந்தன, ஆனால் அது ஆச்சி இல்லை. கேசட்டில் இல்லாத விவரத்தை வேறு ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து வரைந்திருக்கிறது. இறந்துபோனவர்களின் முகத்தில் எனக்கு அந்த ஊகம் வேண்டாம். மங்கலாகவே இருக்கட்டும்.

முடித்ததை யூடியூபில் ஏற்றி உறவினர்களுக்குக் காட்ட நினைத்தால், பின்னணியில் ஓடும் சினிமாப் பாடல்களைத் தளம் தானாகவே கண்டுபிடித்துவிடும். ஒலியை முடக்கலாம், வீடியோவையே தடுக்கலாம். கோப்பாகவே பகிர்வது நிம்மதி.

வேலை முடிந்ததென்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு முனை வரை முழுவதும் சுற்றி, புத்தகத்தைப் போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் இல்லாத இடத்தில் வையுங்கள். நாளை இதைவிட நல்ல கருவி உங்கள் கைக்கு வரலாம்.

கோப்பின் பெயரில் ஆண்டு, நிகழ்ச்சி, ஊர் மூன்றும் இருக்கட்டும். அதோடு ஒரு சாதாரணக் குறிப்புக் கோப்பையும் சேர்த்து வையுங்கள்: எந்த நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று. இதை எழுத வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் பெரியம்மாவோடு மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். 140 பேருக்குப் பெயர் கிடைத்தது. என் குறிப்பில் ஒரு வரி இப்படி இருக்கிறது: ‘1 மணி 12 நிமிடம். ஆச்சி கூப்பிடுவது நாதஸ்வரக்காரரின் மகனை. காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லையாம். தகவல்: பெரியம்மா.’